ஒல்லாந்தரா, டச்சுக்காரரா, நெதர்லாந்தியரா? மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

நெய்தல்மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நெதர்லாந்திலிருந்து நம் கரைகளுக்கு வந்தவர்களைப் பற்றி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்று நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பழவேற்காட்டில் தொடங்கி சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் என்று கடற்கரையோரமாகவே நடக்கும் நூல். கடைசி அத்தியாயம் மட்டும் இன்றைய நெதர்லாந்தில் முடிகிறது.

மூலத்தில் நானூறு ஆண்டுகளுக்கும் ‘Dutch’ என்ற ஒரே சொல்தான். எனக்கோ முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது. நான் தமிழ்நாட்டில் படித்த பாடநூலில் அவர்கள் ‘டச்சுக்காரர்கள்’. இலங்கைப் பாடநூலில் ‘ஒல்லாந்தர்’. இன்றைய செய்தித்தாளில் ‘நெதர்லாந்து’. நூல் சென்னையில் அச்சாகி யாழ்ப்பாணத்திலும் விற்கப்படும். ‘டச்சுக்காரர்’ என்ற சொல்லே போதும் என்கிறார் பதிப்பாசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சரியாகச் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் எதை எழுதுவீர்கள்?

புங்குடுதீவான்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோதரி? ஒல்லாந்தர்தான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர். நாற்சதுரமாக இருந்ததை இடித்து ஐங்கோணமாகக் கட்டியவர்கள் ஒல்லாந்தர். எங்கள் பாட்டனும் பூட்டனும் சொன்ன சொல் அது. அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் முதியவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைத் தந்தவர்களுக்குப் பெயர் தெரியாமலா போய்விடும்? டச்சு என்பது ஆங்கிலேயன் வைத்த பெயர். வெள்ளைக்காரன் ஒருவனுக்கு இன்னொரு வெள்ளைக்காரன் வைத்த பெயரைத் தமிழன் ஏன் கடன் வாங்க வேண்டும்?

பழவேற்காட்டுப் பையன்

எங்கள் ஊரில் யாரிடமும் ‘ஒல்லாந்தர் கல்லறை எங்கே’ என்று கேட்டுப் பாருங்கள். மீன் விற்கும் அம்மா உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ‘டச்சுக் கல்லறை’ என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான். நூலைப் படித்துவிட்டு ஊரைப் பார்க்க வருகிற பிள்ளைக்கு எந்தச் சொல் உதவும் என்று யோசியுங்கள் அக்கா.

பிழைதிருத்தி

முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் என் பங்கு.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் நாங்கள் எழுதியது ‘ஹாலந்து’. 1978 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் தோற்றது எங்கள் பக்கத்தில் ஹாலந்துதான். பிறகு எப்போது நெதர்லாந்து ஆனது என்று நினைவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. செய்தி நிறுவனங்களின் ஆங்கிலம் மாறியது, நாங்களும் மாறினோம். நாட்டுக்கு நெதர்லாந்து, தலைப்பில் இடம் இல்லையென்றால் ‘டச்சு வீரர்’. மேசையில் இருந்த ஒரே விதி இடப்பற்றாக்குறை. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்வேன். ‘-காரர்’ எனக்கு எப்போதுமே உறுத்தும். பால்காரர், வண்டிக்காரர், டச்சுக்காரர். ஒரு நாட்டு மக்களைத் தொழில் பெயரால் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

வெட்டிப்பேச்சு

பிரெஞ்சுக்காரர், மதுரைக்காரர், ஊர்க்காரர், வீட்டுக்காரர். இவர்களெல்லாம் என்ன தொழில் பார்க்கிறார்கள் ஐயா?

பிழைதிருத்தி

வீட்டுக்காரர் வாடகை வசூலிக்கும் தொழில் பார்க்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். உறுத்தல் என்னுடையது, மொழியின்மேல் குற்றம் இல்லை.

லேவார்டன்வாசி

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத் தலைநகரில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் இந்த வழக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

வந்த முதல் மாதம், அலுவலகத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ‘ஹாலந்து எனக்குப் பிடித்திருக்கிறது’ என்றேன். பக்கத்தில் நின்ற பெண்மணி சிரித்தபடியே கேட்டார்: “அப்படியா? எப்போது போனீர்கள்?” எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இந்த நாட்டில் பன்னிரண்டு மாகாணங்கள். அவற்றில் இரண்டுக்குத்தான் ஹாலந்து என்று பெயர், வடக்கு ஹாலந்து, தெற்கு ஹாலந்து. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் எல்லாம் அந்த இரண்டுக்குள் அடக்கம். நான் நின்றிருந்த ஊர் அதில் இல்லை. இங்கே தனி மொழியே உண்டு. ஃப்ரீசிய மொழிக்கு இந்த மாகாணத்தில் அலுவல் தகுதியும் இருக்கிறது.

அன்று எனக்கு நினைவுக்கு வந்தது தில்லியில் கழித்த இரண்டு ஆண்டுகள். நான் தென்காசி. வாடகை வீட்டு முதலாளிக்கு நான் ‘மதராசி’. கீழ்வீட்டில் இருந்த கொச்சிக்காரரும் மதராசி, மாடியில் இருந்த மங்களூர்க்காரரும் மதராசி. எங்கள் மூவருக்கும் அந்த ஒரு சொல்லால் வந்த எரிச்சல் இருக்கிறதே, அதுதான் இங்கே ஃப்ரீஸ்லாந்துக்காரருக்கு ‘ஹாலந்து’ என்றால் வருவது. தெற்கே, பெரிய ஆறுகளைத் தாண்டி, பிராபந்திலும் லிம்பர்கிலும் ‘ஹாலந்துக்காரன்’ என்ற சொல்லுக்குள் ஒரு குத்தலே இருக்கும்.

அரசாங்கமே 2020 தொடக்கத்தில், வெளிநாடுகளில் நாட்டை அறிமுகப்படுத்தும் வேலைகளில் ‘ஹாலந்து’ என்ற பெயரைக் கைவிட்டு ‘நெதர்லாந்து’ என்று மாற்றிக்கொண்டது. அதுவரை ஆரஞ்சு நிறத் துலிப் பூவோடு ‘ஹாலந்து’ என்று விளம்பரம் செய்தவர்களும் இவர்களேதான், அது வேறு கதை.

ஆகவே புங்குடுதீவான் அண்ணா மன்னிக்க வேண்டும். ஒல்லாந்து என்பது ஹாலந்தின் தமிழ் உச்சரிப்பு. அதை எழுதினால் இரண்டு மாகாணத்தை வைத்து நாட்டையே கூப்பிடுகிறோம்.

புங்குடுதீவான்

தம்பி, நீர் இன்றைக்கு அங்கே சம்பளம் வாங்குகிறீர், அதனால் அவர்களுடைய மனத்தாங்கல் உமக்குத் தெரிகிறது. நான் பேசுவது 1658ஐப் பற்றி. அன்றைக்கு நெதர்லாந்து என்று இப்போதுபோல் ஒரே நாடு இருந்ததா? ஏழு மாகாணங்கள் சேர்ந்த ஒரு குடியரசு. அதன் செலவில் பாதிக்கு மேல் கட்டியது ஹாலந்து என்ற ஒரே மாகாணம். பணமும் கப்பலும் யாருடையவோ பெயரும் அவர்களுடையது. போர்த்துக்கேயர் ‘ஒலாண்டா’ என்றார்கள், நாங்கள் ஒல்லாந்து என்றோம். யப்பானியரும் அதே வழியில்தான் ‘ஒரண்டா’ என்றார்கள். பழைய தமிழ் அகராதிகளில் ‘உலாந்தா’ என்றும் இருக்கிறது. உலகம் முழுக்கத் தவறு செய்ததா?

கிள்ளான்வாசி

உலகம் முழுக்க என்றால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாயில் அவர்கள் ‘பெலண்டா’. அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது என்றே படித்திருக்கிறேன். இந்தோனேசியாவில் நீண்ட மூக்குக் குரங்கு ஒன்றுக்கு ‘பெலண்டா குரங்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களை என்ன பெயரால் கூப்பிடுவது என்று பட்டிமன்றம் நடத்தும் நமக்கு முன்னால், ஆளப்பட்டவர்கள் குரங்குக்கு அவர்கள் பெயரை வைத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

லேவார்டன்வாசி

பாதிக்கு மேல் செலவு செய்தார்கள் என்பது சரி. ஆனால் வந்த கம்பெனி ஹாலந்துடையது மட்டும் அல்ல. 1602இல் தொடங்கிய அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள். ஆம்ஸ்டர்டாம் முதலாவது. அடுத்த பெரிய கிளை ஜீலாந்து மாகாணத்தின் மிடில்பர்க் நகரில் இருந்தது. ஜீலாந்து ஹாலந்துக்குள் அடங்காது. அது தனி மாகாணம், நியூசிலாந்துக்குப் பெயர் கொடுத்த மாகாணம்.

அண்ணா, ஒன்று கேட்கலாமா? உங்கள் புங்குடுதீவுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்?

வெட்டிப்பேச்சு

இந்தக் கேள்வியில் ஏதோ பொறி இருக்கிறது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புங்குடுதீவான்

மிடில்பர்க்.

(நெடுந்தீவு டெல்ஃப்ட், அனலைதீவு ராட்டர்டாம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க். சிறுவயதில் மனப்பாடம் செய்தவை. மற்ற நான்கும் ஹாலந்தின் ஊர்கள். என் தீவுக்கு வாய்த்ததுதான் ஜீலாந்து ஊர். இதைச் சொல்வதற்காகத்தான் கேட்டீர் என்று தெரிகிறது. நன்றாகச் சிரியும்.)

பழவேற்காட்டுப் பையன்

எங்கள் ஊரும் அப்படித்தான் அண்ணா, தனியாக வருந்தாதீர்கள். 1613இல் கட்டிய எங்கள் கோட்டைக்குப் பெயர் கெல்ட்ரியா. அது கெல்டர்லாந்து என்ற மாகாணத்தின் பெயரிலிருந்து வந்தது. அதுவும் ஹாலந்து இல்லை. இப்போது அங்கே கோட்டையும் இல்லை, முட்புதர்தான்.

குற்றியலுகரம்

தமிழாசிரியன். இலக்கணத்தின் பக்கம் நின்று இரண்டு வார்த்தை.

‘நெதர்லாந்தியர்’ என்று எழுதுகிறார்கள். இந்தியா, ஆசியா என்று ‘இயா’வில் முடியும் பெயர்களுக்கு இந்தியர், ஆசியர் என்பது இயல்பாக வரும். ‘லாந்து’ என்று முடியும் பெயரில் அந்த ‘இய’ எங்கிருந்து வந்தது? ஒல்லாந்து என்ற சொல்லின் கடைசி உகரம் குற்றியலுகரம். அது கெட்டு ‘அர்’ சேர, ஒல்லாந்தர். அதே வழியில் போனால் நெதர்லாந்தர். சொல்லிப் பாருங்கள், நாக்குக்கும் இதமாக இருக்கிறது. நம் முன்னோர் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள், மீதியை நாம் செய்யலாம்.

பிழைதிருத்தி

ஐயா, ஜப்பான் ‘இயா’வில் முடிகிறதா? ஜப்பானியர் என்றுதானே எழுதுகிறோம். தாய்லாந்தியர், பின்லாந்தியர் எல்லாம் அச்சில் வந்து காலமாகிவிட்டது. நெதர்லாந்தர் என்று நான் மெய்ப்பில் பார்த்திருந்தால் எழுத்து விட்டுப்போனது என்று ‘ய’வைச் செருகியிருப்பேன்.

குற்றியலுகரம்

செருகியிருப்பீர்கள். அதனால்தான் தமிழ் இந்த நிலையில் இருக்கிறது.

நெறியாளர்

ஐயாமார் இருவரும் சொல்லோடு நிற்கவும். ஆளைத் தொட வேண்டாம்.

நெய்தல்மலர்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு உறுத்தியது என்ன என்பது இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. ‘டச்சு’ என்பதை அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதே இல்லை, அல்லவா? லேவார்டன்வாசி சொல்லுங்கள்.

லேவார்டன்வாசி

இல்லை. தங்களை ‘நேடர்லாண்டர்’ என்பார்கள், மொழியை ‘நேடர்லாண்ட்ஸ்’ என்பார்கள். தாழ்நிலத்தார், தாழ்நில மொழி. டச்சு என்ற சொல்லும் ஜெர்மானியர் தங்களைச் சொல்லிக்கொள்ளும் ‘டொய்ச்’ என்ற சொல்லும் ஒரே வேர். ‘மக்களுடைய’ என்பதுதான் பொருள். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இரு தரப்பையும் சேர்த்தே டச்சு என்றார்கள். பிறகு தங்களுக்கு எதிர்க்கரையில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்றும் அமெரிக்காவில் ‘பென்சில்வேனியா டச்சு’ எனப்படுவோர் ஜெர்மன் வழியினர்.

இதில் வேடிக்கை, இந்த நாட்டின் தேசிய கீதத்தின் தொடக்கத்திலேயே ‘டொய்ச் இரத்தம்’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சொல். கால்பந்து மைதானத்தில் அதைப் பாடுகிறார்கள், பாடி முடித்துவிட்டு ‘ஹாலந்து, ஹாலந்து’ என்று கத்துகிறார்கள். ஃப்ரீஸ்லாந்துக்காரரும் சேர்ந்துதான் கத்துகிறார். மறுநாள் அதே ஆளிடம் ஹாலந்து என்று சொன்னால் திருத்துவார். நான் இதைக் கேட்டபோது, ‘கத்துவதற்கு இரண்டு அசைதான் வசதி’ என்றார் ஒருவர்.

குற்றியலுகரம்

தங்களைத் தாங்கள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றால் ஜெர்மனியைத் தொய்ச்லாந்து என்றும் சீனாவைச் சோங்குவோ என்றும் எழுத வேண்டியிருக்கும். யவனர் என்கிறது நம் சங்கப் பாடல். அயோனியா என்பது கிரேக்கர் வாழ்ந்த ஒரு பகுதியின் பெயர். அதை வைத்துக் கிரேக்கரையும் உரோமரையும் சேர்த்தே யவனர் ஆக்கினோம். எந்த யவனனும் மதுரைக்கு வந்து மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பழவேற்காட்டுப் பையன்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேரை அடிமைகளாகப் பிடித்துப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியவர்கள் இவர்கள். மசூலிப்பட்டினத்துத் துணி, மிளகு என்று எழுதும் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களின் மனம் நோகாமல் கூப்பிட வேண்டும் என்று நாம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம்? அவர்கள் நம்மை எப்படிக் கூப்பிட்டார்களாம்?

புங்குடுதீவான்

நல்ல கேள்வி தம்பி. மலபார் என்று கூப்பிட்டார்கள்.

எங்கள் தேசவழமைச் சட்டத்தை 1707இல் தொகுத்து எழுதுவித்தவர்கள் இவர்கள்தான். சொத்து, சீதனம், ஈடு என்று இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் இருக்கிற சட்டம். அதில் எங்கள் பெயர் ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்’. எங்கள் மொழி அவர்களுக்கு மலபார் மொழி. மலபார் எங்கே, யாழ்ப்பாணம் எங்கே? மேற்குக் கரையில் முதலில் இறங்கிய ஐரோப்பியர் அங்கே கேட்ட பெயரை வைத்துக்கொண்டு கிழக்கே வந்தும் அதையே ஒட்டினார்கள். அந்த ஒட்டு முந்நூறு வருடம் கழிந்தும் சட்டப் புத்தகத்திலிருந்து முழுதாகக் கழரவில்லை.

இதைத் தட்டச்சுச் செய்யும்போதே ஒன்று தோன்றுகிறது. அவர்கள் மலபாரை வைத்து எங்களைக் கூப்பிட்டார்கள், நாங்கள் ஒல்லாந்தை வைத்து அவர்களைக் கூப்பிட்டோம். இரு பக்கமும் முதலில் கேட்ட ஒரு பகுதியின் பெயர்தான். என் கட்சி பலவீனப்படுகிறதா பலப்படுகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

லேவார்டன்வாசி

எனக்குப் பலப்படுவதாகவே படுகிறது அண்ணா. நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். 1658இல் கோட்டைக்குள் நுழைந்தவரை ஒல்லாந்தர் என்பது அந்தக் காலத்தின் சொல். என் மறுப்பெல்லாம் அதை இன்றைய ஆளுக்கு நீட்டுவதில்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிறேன். அவர் குடும்பம் தென் அமெரிக்காவில் இவர்கள் ஆண்ட சூரினாமிலிருந்து வந்தது. முன்னோர் பீகார்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். முதல் கப்பல் 1873இல் போய்ச் சேர்ந்தது. 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதையொட்டி ஆயிரக்கணக்கானோர் இங்கே குடிபெயர்ந்தபோது இவருடைய பெற்றோரும் வந்தார்கள். வீட்டில் டச்சு பேசுகிறார், போஜ்புரி கலந்த மொழியும் பேசுகிறார், கடவுச்சீட்டு இந்த நாட்டுடையது. இவரை ஒல்லாந்தர் என்று எழுதினால் நம் வாசகருக்குத் தலைப்பாகையும் துப்பாக்கியுமாக ஒரு வெள்ளைக்காரர்தான் மனக்கண்ணில் வருவார். டச்சுக்காரர் என்றாலும் அதேதான். ‘நெதர்லாந்து நாட்டவர்’ என்றால் அவர் உள்ளே வந்துவிடுகிறார். பெல்ஜியத்தின் வடபகுதியில் இதே மொழி பேசுவோர் இருக்கிறார்கள், அவர்கள் வெளியே நின்றுகொள்கிறார்கள். மொழிக்கு டச்சு, நாட்டவருக்கு நெதர்லாந்து என்று பிரிப்பதில் இந்த வசதி உண்டு.

வெட்டிப்பேச்சு

தலைப்பாகை போட்ட ஒல்லாந்தரா? தொப்பி என்று சொல்ல வந்தீர்கள் என நம்புகிறேன்.

லேவார்டன்வாசி

தொப்பிதான். இரவு பதினொன்று ஆகிவிட்டது.

பிழைதிருத்தி

பேச்சோடு பேச்சாக: இவ்வளவு சண்டை போடும் நாம் சட்டைப்பையில் ‘துட்டு’ வைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற செப்புக்காசு. ‘கக்கூஸ்’ எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடன் வாங்கிய சொற்களைக் கணக்கெடுத்தால், அவர்களோடு நமக்கு இருந்த உறவின் தன்மை ஓரளவு விளங்கும்.

நெய்தல்மலர்

மூன்று நாள் கழித்து வருகிறேன். பதிப்பாசிரியரோடு பேசிவிட்டேன். முடிவு இது.

வரலாற்று அத்தியாயங்கள் முழுக்க ஒல்லாந்தர். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், ‘தமிழ்நாட்டில் இவர்களை டச்சுக்காரர் என்பார்கள்’ என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். அடிக்குறிப்பைப் பிள்ளைகள் படிப்பதில்லை. இடப்பெயர்கள் ஊரார் சொல்லும்படியே இருக்கும். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை, யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கோட்டை. கடைசி அத்தியாயத்தில் நெதர்லாந்து மக்கள், மொழி டச்சு. நெதர்லாந்தர் என்பதை எழுதிப் பார்த்தேன் ஐயா, அழகாகவே இருந்தது. பதிப்பாசிரியர் எழுத்துப்பிழை என்று வட்டமிட்டு அனுப்பிவிட்டார்.

பழவேற்காட்டுத் தம்பி, உங்கள் கேள்விக்குப் பிறகு மூல நூலைத் திரும்பப் பார்த்தேன். அடிமை வணிகத்துக்கு அதிலும் ஒரு வரிதான். ஒரு பத்தியாக விரித்து எழுத மூலப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். புங்குடுதீவான் அண்ணாவின் மலபார் கதைக்கும் ஒரு பெட்டிச் செய்தி கேட்டிருக்கிறேன்.

புங்குடுதீவான்

மகிழ்ச்சி. மிடில்பர்க் விஷயத்தைப் பெட்டிக்குள் போட வேண்டாம்.

பிழைதிருத்தி

வட்டமிட்ட அந்தப் பதிப்பாசிரியருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

குற்றியலுகரம்

அடுத்த அச்சில் பார்த்துக்கொள்வோம். இருக்கட்டும் அம்மா, நாகப்பட்டினம் வரை வருகிற நூலில் தரங்கம்பாடியும் இருக்குமே? அங்கே 1620இல் கோட்டை கட்டியவர்களை என்ன எழுதப்போகிறீர்கள்? டேனியரா, டேனிஷ்காரரா, டென்மார்க்கியரா?

நெறியாளர்

அதற்குத் தனி இழை தொடங்கவும்.